சிவனுக்கும் சரஸுக்கும் உண்மையில் என்ன உறவு? (மலானா கிராமம், பார்வதி பள்ளத்தாக்கு, இமாச்சலப் பிரதேசம்)

#1 ஊர்க்குருவி

போன மாதம் அலுவலக நண்பர்களோடு குல்லு, மணிகரண், கசோல் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன். கசோலில் உட்கார்ந்த கடையிலெல்லாம் சுவரில் சிவன்தான். சடை, பிறை, பாம்பு எல்லாம் சரி, கையில் சூலத்துக்குப் பதிலாகப் புகையும் சிலும்பி. எங்களை அழைத்துப்போன பையன், "மலானா சரஸ் போதைப்பொருளே இல்லை சார், போலேநாத் (சிவன்) பிரசாதம், வேத காலத்திலிருந்து இருக்கிறது" என்று அடித்துச் சொன்னான். கூட வந்தவர்களில் பாதிப் பேர் நம்பியும்விட்டார்கள்.

இந்தச் சரஸ் என்பது என்ன, கஞ்சாவிலிருந்து எப்படி வேறுபடுகிறது? சிவனுக்கும் அதற்கும் சாத்திரத்தில் நிஜமாகவே தொடர்பு உண்டா, இல்லை கடைக்காரர்கள் கட்டிவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதெல்லாம் எனக்கு வேண்டாம்.

#2 பனங்காட்டான்

பிரசாதம் என்றால் சும்மா கொடுத்திருக்க வேண்டுமே. காசு கேட்டானா இல்லையா?

#3 மலைநடை

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். மலையேற்றக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவன்.

செடி ஒன்றுதான். இலையை அரைத்தால் பாங். பெண் செடியின் பூங்கொத்தைக் காயவைத்தால் கஞ்சா. அந்தப் பூவின் மேல் பொடிப்பொடியாகப் பூத்து நிற்கும் பிசினை மட்டும் பிரித்து எடுத்தால் சரஸ். ஆப்கானிஸ்தான், மொராக்கோ பக்கம் செடியை அறுத்து உலர்த்தி, சல்லடையில் சலித்து, விழும் தூளை அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். இமயமலையில் அப்படியில்லை. செடி உயிரோடு பச்சையாக நிற்கும்போதே கையால் தேய்த்து எடுக்கிறார்கள்.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய அதுதான் வேலை. மலானா நாலாவுக்கு (மலை ஓடை) மேலே உள்ள சரிவுகளில் ஆளுயரச் செடிகளுக்கு நடுவில் ஆண், பெண், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் நிற்பார்கள். பெரிய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பூந்தண்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுவார்கள். சப்பாத்தி மாவு உருட்டுகிற வேகம்கூட இருக்காது. அவசரப்பட்டு அழுத்தினால் இலைச்சாறு இறங்கிவிடும், சரக்கு மட்டமாகிவிடும். போகப்போக உள்ளங்கையில் கரும்பச்சையாக ஒரு படலம் ஏறும். அதைப் பெருவிரலால் தள்ளித் தள்ளித் திரட்டிச் சின்ன உருண்டையாகவோ குச்சியாகவோ பிடிப்பார்கள். நாள் முழுக்க நின்றாலும் நல்ல சரக்கு ஒரு தோலா, அதாவது பத்துப் பன்னிரண்டு கிராம் சேர்ந்தால் அதிகம். வேகமாகத் தேய்த்தால் எடை கூடும், தரம் போய்விடும். "மலானா க்ரீம்" என்று வெளியே விற்கும் பெரும்பகுதி பக்கத்து ஊர்களில் தேய்த்ததுதான். நம்மூர்க் கடையில் எல்லா அல்வாவும் திருநெல்வேலி ஆகிற கதை.

சாயங்காலம் கீழே இறங்கி வருகிறவர்களின் கையைப் பார்த்தால் ரேகை முழுக்கக் கறுத்திருக்கும். சோப்புக்கு அது அசையாது, எண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கையின் வியர்வை, அழுக்கு, செடியில் இருந்த பூச்சி எல்லாமும் சேர்ந்ததுதான் சரக்கு. "சுத்தமான இயற்கைப் பொருள்" என்று சிலாகிப்பவர்கள் ஒரு தடவை அந்தச் சரிவில் நின்று பார்க்கலாம்.

#4 ஓலைச்சுவடி

இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்த விஷயம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வேத காலம்" என்று சொல்பவர்கள் கையில் இருப்பது அதர்வ வேதத்தின் பதினோராம் காண்டத்தில் வரும் ஒரே ஒரு மந்திரம். சோமனைத் தலைமையாகக் கொண்ட ஐந்து செடி அரசுகளைக் கூப்பிட்டு, எங்களைத் துன்பத்திலிருந்து விடுவியுங்கள் என்று வேண்டுகிறது. தர்ப்பை, யவம் இவற்றோடு "பங்கா" என்று ஒரு பெயரும் வருகிறது. அவ்வளவுதான். அதில் சிவன் இல்லை, போதை இல்லை, பிசின் இல்லவே இல்லை. தர்ப்பைக்கும் பார்லிக்கும் கிடைத்த அதே மரியாதை இதற்கும் கிடைத்திருக்கிறது.

சமஸ்கிருத மருத்துவ நூல்களில் "விஜயா" என்ற பெயரில் இந்தச் செடி தெளிவாகத் தலைகாட்டுவது ஏறக்குறைய 11-ஆம் நூற்றாண்டை ஒட்டி. பசியைத் தூண்டும், தூக்கம் தரும், மயக்கும் என்றெல்லாம் அங்கே குணம் சொல்கிறார்கள். தந்திர நூல்களில் பூஜைக்கு முன் விஜயையைச் சுத்தி செய்து அருந்தும் சடங்கு உண்டு. இங்கெல்லாம் பேசப்படுவது பெரும்பாலும் அரைத்துக் குடிக்கும் இலை.

ஆலகால நஞ்சின் சூடு தணிய சிவனுக்குப் பாங் கொடுத்தார்கள் என்பது வடக்கே எல்லார் வாயிலும் இருக்கும் கதை. நம் தேவாரம் பாடியவர்களும் நஞ்சுண்டதை எத்தனையோ விதமாகப் பாடியிருக்கிறார்கள். சுடுகாட்டில் ஆடுகிறான், பித்தன், தலையில் ஊமத்தம்பூ சூடுகிறான் என்கிறார்கள். ஊமத்தையே கடும் விஷச் செடிதான். ஆனாலும் அவன் அதைச் சூடுகிறானே தவிர, புகைக்கவில்லை. கஞ்சா அங்கே வருவதே இல்லை. சிவனை எவ்வளவு காட்டு தெய்வமாகக் காட்ட முடியுமோ அவ்வளவும் காட்டியவர்களுக்கே சிலும்பி தேவைப்படவில்லை.

சுவரில் பார்த்தீர்களே, புகை விடும் சிவன், அவர் இன்னும் இளையவர். பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் காலத்திலேயே மருந்துப் புகை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் புகையிலை இந்தியாவுக்குள் வந்ததே போர்த்துகீசியர் வழியாக, 16-ஆம் நூற்றாண்டில். சரஸைப் பெரும்பாலும் புகையிலையோடு கலந்துதான் சிலும்பியில் வைக்கிறார்கள். அந்தச் சேர்க்கைக்கு வேத காலம் என்று வயது சொல்ல முடியாது.

#5 காசிவாசி

ஓலைச்சுவடி ஐயா சொல்வதில் தகவல் சரி, முடிவு சரியில்லை. நான் பிழைப்புக்காகக் காசியில் இருக்கும் தமிழன். இங்கே அரசு உரிமம் பெற்ற பாங் கடை இருக்கிறது, பெயர்ப்பலகையோடு. மகாசிவராத்திரி அன்று விடியற்காலையிலேயே அம்மியில் இலை அரைக்கும் சத்தம் கேட்கும். பாதாம், சோம்பு, மிளகு, ரோஜா இதழ் சேர்த்த தண்டாய் என்ற பானத்தில் ஒரு பச்சை உருண்டையைக் கரைத்து, முதலில் லிங்கத்துக்குக் காட்டிவிட்டு வீட்டுப் பெரியவர்கள் குடிப்பார்கள். என் வீட்டுக்கார அம்மா எழுபதைத் தாண்டியவர், ஏகாதசி விரதம் தவறாதவர். அவருக்கு இது பக்தி. எந்த நூலில் எத்தனையாவது சுலோகம் என்று கேட்டால் சிரிப்பார்.

சாதுக்களிடம் போனால் சரஸும் உண்டு. துனி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத்துணி சுற்றிய சிலும்பியை நெற்றிக்கு உயர்த்தி "பம் போலே" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் இழுக்கிறார்கள். கும்பமேளாவில் பார்க்கலாம், காத்மாண்டு பசுபதிநாத்தில் சிவராத்திரி இரவில் பார்க்கலாம். நேபாளத்தில் 1973 வரை அரசே உரிமம் கொடுத்துக் கடை நடத்தவிட்டது. 1976-ல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் அந்த ஒரு இரவு சாதுக்கள் விஷயத்தில் போலீஸ் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறது.

நூலில் இல்லாததெல்லாம் மரபே இல்லை என்றால், நம் ஊர் குலசாமி கோயில்களில் பாதியை மூட வேண்டியதுதான்.

#6 பனங்காட்டான்

சுடலைமாடனுக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கிறோம். அதற்கு எந்த உபநிடதம்?

#7 ஓலைச்சுவடி

நல்ல கேள்வி, பனங்காட்டான். மரபு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. எது மரபு, எவ்வளவு பழசு, எந்தப் பொருளுக்கு என்பதுதான் பேச்சு. காசிவாசி சொன்ன அம்மா குடிப்பது பாங். கசோல் பையன் விற்பது சரஸ். பாங்குக்கு உள்ள பக்தியை எடுத்துச் சரஸுக்கு ஒட்டவைத்து விற்கிறார்கள் என்பதுதான் என் வாதம்.

இதற்கு நல்ல சாட்சி வெள்ளைக்காரன் காலத்து விசாரணைக் குழு. கஞ்சாவைத் தடை செய்யலாமா என்று பார்க்க 1893-ல் ஒரு குழு போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894-ல் பல தொகுதிகளாக அறிக்கை கொடுத்தது. அளவோடு பயன்படுத்துவதில் பெரிய தீங்கில்லை, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் முடிவு. மதத் தொடர்பையும் விரிவாக எழுதியது. சிவ வழிபாட்டோடு சேர்த்து அது பேசுவது முக்கியமாகப் பாங்கையும் கஞ்சாவையும்தான். அதோடு இணைத்த ஒரு குறிப்பில், பாங் இலையில் ஒரு காவல் தெய்வம் குடியிருக்கிறது என்ற நம்பிக்கைகூடப் பதிவாகியிருக்கிறது.

அன்று வட இந்தியச் சந்தையில் இருந்த சரஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பகுதி யார்கண்டிலிருந்து. இன்றைய சீனாவின் சின்ஜியாங். காரகோரம் கணவாய்களைக் குதிரையிலும் யாக்கிலும் தாண்டி லடாக்கின் லே நகருக்கு வந்து, அங்கிருந்து பஞ்சாபுக்கு இறங்கியது. இந்த வியாபாரத்தில் ஹோஷியார்பூர் வணிகர்களின் கை ஓங்கியிருந்தது. வரி வசூல், முத்திரை, கிடங்கு எல்லாம் உண்டு. அதுவும் கையால் தேய்த்ததில்லை, தூளாகச் சலித்து மூட்டை கட்டியது. அதாவது சாது ஒருவர் போலேநாத் பெயரைச் சொல்லி இழுத்தது மத்திய ஆசியாவின் முஸ்லிம் உழவர் விளைவித்து, பஞ்சாபி வியாபாரி கொண்டுவந்து, பிரிட்டிஷ் அரசு வரி வாங்கிய சரக்கு. 1930-களில் சீனப் பக்கத்திலிருந்து அந்த வரத்து நின்றுபோன பிறகுதான் இமயத்தின் இந்தப் பக்கச் சரக்குக்கு மவுசு கூடியது.

#8 காசிவாசி

திருப்பதி லட்டுக்கு முந்திரி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தா பிரசாதம் என்கிறோம்? வழிபடுகிறவன் கையில் வந்தபின் அது அவனுடையது. இருந்தாலும் யார்கண்ட் விஷயம் எனக்குப் புதிது, நன்றி.

சாதுக்கள் மத்தியிலும் இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2019 கும்பமேளாவில் யோகா குரு பாபா ராம்தேவ் சாதுக்களிடம் போய், ராமனும் கிருஷ்ணனும் புகைக்கவில்லையே, நமக்கு எதற்கு என்று கேட்டு சிலும்பிகளை வாங்கிக்கொண்டு போனார். சிலர் கொடுத்தார்கள். கேட்டவர் ராமனையும் கிருஷ்ணனையும்தான் இழுத்தார், சிவனை இழுக்கவில்லை, கவனித்தீர்களா?

#9 கோர்ட்டுவாசல்

பக்தி ஆராய்ச்சி நடக்கட்டும். படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சட்டத்தை நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பாங் சட்டப்படி சரி, சரஸும் அதே செடிதானே" என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்களின் கதைகள் எனக்குத் தெரியும்.

1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் அதில் சேராது. அந்த இடைவெளியில்தான் பாங் உயிரோடு இருக்கிறது, அதுவும் மாநில அரசின் கலால் விதிப்படி. சரஸ் என்பது பிரித்தெடுத்த பிசின், எந்த வடிவத்தில் இருந்தாலும். அதற்கு எந்த விலக்கும் கிடையாது. சிவராத்திரிக்கும் கிடையாது.

அளவைப் பாருங்கள். கஞ்சாவில் சிறிய அளவு ஒரு கிலோ வரை, சரஸில் 100 கிராம் வரை. வணிக அளவு கஞ்சாவுக்கு 20 கிலோ, சரஸுக்கு ஒரே கிலோ. சிறிய அளவென்றால் ஒரு வருடம் வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்து வருடம் வரை. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே பத்து வருடம், அதிகபட்சம் இருபது. அங்கே 37-ஆம் பிரிவு வந்து நிற்கும், ஜாமீன் குதிரைக்கொம்பு. சரக்கில் வேறு பொருள் கலந்திருக்கிறது, அதைக் கழித்துப் பாருங்கள் என்ற வாதமும் போய்விட்டது. மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில் சொல்லிவிட்டது. கையில் எதுவும் இல்லாமல் புகைத்ததே 27-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

கசோலில் எல்லாரும் வெளிப்படையாகப் புகைக்கிறார்களே என்பார்கள். பேருந்தில் இறங்கி வரும் வழியில் சோதனை நடக்கும்போது அந்த எல்லாரும் வந்து கூட நிற்க மாட்டார்கள். பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்கு ஒன்று: சிறிய அளவு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு வழி செய்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

#10 மட்டுறுத்துநர்

"தொடர்பு எண் தனிச்செய்தியில் அனுப்புங்கள்" என்று வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இன்னொரு முறை வந்தால் கணக்கே முடக்கப்படும்.

#11 ஊர்க்குருவி

கோர்ட்டுவாசல் அண்ணா, இலைக்கு ஒரு நியாயம், பிசினுக்கு ஒரு நியாயம் ஏன் வந்தது? இந்தியா தானாக வைத்ததா?

#12 கோர்ட்டுவாசல்

பாதி நாமே கேட்டு வாங்கியது. 1961-ல் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் வந்தபோது கஞ்சாவும் பிசினும் கடுமையான பட்டியலில் போயின. இலையும் விதையும் வரையறைக்கு வெளியே நின்றன. மருத்துவம் அல்லாத பழைய பயன்பாட்டை நிறுத்த 25 வருட அவகாசமும் இருந்தது. அந்த அவகாசம் முடியும் தறுவாயில் வந்ததுதான் 1985 சட்டம். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவையும் பிசினையும் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுத்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. முதல் பட்டியலில் இரண்டும் அப்படியே இருக்கின்றன, இங்குள்ள தண்டனையிலும் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

#13 வேப்பங்காற்று

மனநல வார்டில் செவிலியாக இருக்கிறேன். இழையில் இதுவரை உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பிசினில் டி.எச்.சி. (போதை தரும் வேதிப்பொருள்) இலையைவிடப் பல மடங்கு அடர்த்தி. பாங் குடித்த அனுபவத்தை வைத்து இதை எடைபோட முடியாது. பதினெட்டு, இருபது வயதில், குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்து, பிள்ளை இதைத் தொடர்ந்து இழுத்தால், காதில் குரல் கேட்கிறது என்று வருகிற நிலைக்கு எளிதாகப் போகிறது. மலைக்குச் சுற்றுலா போய்வந்த கையோடு அப்படி வந்த பையன் ஒருவன், "சிவன் என்னோடுதான் பேசுகிறார்" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மாவும் முதலில் அதைச் சாமி வந்திருக்கிறது என்றே நினைத்து, பத்து நாள் கோயில் கோயிலாக அலைந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். குரல் கேட்கத் தொடங்கினால் முதலில் மருத்துவரிடம் வாருங்கள், கோயிலுக்கு அப்புறம் போகலாம்.

#14 மலைநடை

வேப்பங்காற்று அக்கா சொன்னதை என் குழுவில் வரும் பிள்ளைகளுக்கு அப்படியே அனுப்புகிறேன்.

மலானாவைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. சிவன் பெயரில் விற்கிறார்களே, அந்த ஊரின் தெய்வம் சிவன் இல்லை. ஜம்லு தேவதா. ஜமதக்னி முனிவர் என்று சொல்வார்கள். ஊரில் எல்லாம் அவர் ஆணைப்படி. மேல் சபை, கீழ் சபை என்று ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, அங்கே தீராத வழக்கு ஜம்லுவிடம் போகும். குல்லு தசராவுக்குச் சுற்றுவட்டாரத் தெய்வங்கள் எல்லாம் பல்லக்கில் வந்து ரகுநாதரைக் கும்பிடும், ஜம்லு மட்டும் பியாஸ் ஆற்றுக்கு மறுகரையிலேயே நின்றுகொள்வார். அவர்கள் பேசும் கணாஷி மொழி சுற்றிலும் உள்ள எந்த ஊருக்கும் புரியாது, திபெத்திய பர்மியக் குடும்பம். அலெக்சாண்டரின் படைவீரர் வம்சம் என்று வழிகாட்டிகள் விடும் கதைக்கு அந்த மொழியே பதில். வெளியாள் கோயில் சுவரைத் தொட்டால் அபராதம், கடையில் காசைக் கீழே வைத்தால்தான் எடுப்பார்கள்.

அந்தக் கட்டுப்பாடான ஊரில் சரஸ் எப்போது பெரிய பிழைப்பானது? ஊரில் வயதானவர்கள் சொல்வது, 70-களில் வெள்ளைக்கார இளைஞர்கள் வரத்தொடங்கிய பிறகு என்று. அதற்கு முன்னும் செடி இருந்தது. நார் உரித்துக் கயிறு திரிப்பார்கள், பனிக்காலத்தில் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள "பூலா" என்ற செருப்புப் பின்னுவார்கள், விதையைத் தின்பார்கள். உத்தராகண்டின் குமாவோன் பக்கம் அந்த விதையில் அரைக்கும் துவையல் இன்றும் வீட்டுக்கு வீடு உண்டு, அதில் போதை கிடையாது, எலுமிச்சை பிழிந்தால் அருமையாக இருக்கும். கொஞ்சம் தேய்த்து வைத்துக்கொள்வதும் இருந்தது. வீடு முழுக்கப் பிசினை நம்பி வாழ்வது பிறகு வந்தது. உயரம் 2,600 மீட்டருக்கு மேல், நிலம் சரிவு, ஆறு மாதம் குளிர். வேறு எந்தப் பயிர் அந்தக் காசைக் கொடுக்கும் என்று அவர்கள் கேட்டால் எனக்குப் பதில் வராது. 2008 ஜனவரியில் தீப்பிடித்து ஊரின் பல மரவீடுகளும் கோயிலின் பகுதிகளும் எரிந்தன. திரும்பக் கட்டப் பணம் வேண்டியிருந்ததே.

2017-ல் ஜம்லுவின் கட்டளை என்று சொல்லி ஊருக்குள் இருந்த விருந்தினர் விடுதிகளை மூடிவிட்டார்கள். இப்போது பகலில் போய்ப் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். தெய்வத்தின் பெயரால் அந்த ஊரில் நடந்தது அது. சரஸைப் பிரசாதம் என்று சொல்வதை நான் மலானாவில் கேட்டதில்லை, கீழே கசோலில்தான் கேட்டிருக்கிறேன்.

#15 பனங்காட்டான்

ஆக மொத்தம் அங்கே நம் குடும்பத்துச் சாமி யாரும் இல்லையா?

#16 மலைநடை

ஏன் இல்லை, மணிகரணில் பார்வதியின் காதணி தண்ணீரில் விழுந்த கதை இருக்கிறது. ஆற்றின் பெயரே பார்வதி. மேலே கீர்கங்காவில் கார்த்திகேயன் குகையில் தவம் இருந்ததாகச் சொல்கிறார்கள், நம் முருகன்தான். வெந்நீர் ஊற்றும் சின்னக் கோயிலும் உண்டு. பர்ஷெய்னியில் இறங்கி நடந்தால் ஒரு பகல் ஏற்றம். மழைக்காலத்தில் மட்டும் போகாதீர்கள், வழி சரிந்துவிடும்.

#17 காசிவாசி

கடைசியாக ஒன்று. 2024 செப்டம்பரில் இமாச்சல் சட்டமன்றம் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் கஞ்சாச் செடி வளர்க்க வழிவிடும் தீர்மானத்தை நிறைவேற்றியது. உத்தராகண்ட் 2018-லேயே தொழில்முறைச் சணலுக்கு (ஹெம்ப், அதாவது போதை மிகக் குறைந்த கஞ்சாச் செடி ரகம்) உரிமம் கொடுத்துவிட்டது. இன்னும் சில வருடத்தில் மலானாக்காரர் பயமில்லாமல் பயிர் செய்யலாம் அல்லவா?

#18 ஓலைச்சுவடி

உத்தராகண்டின் அந்த அனுமதி டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குக் கீழே உள்ள சணல் ரகத்துக்கு. அதைத் தேய்த்தால் போதை தரும் சரக்கு கிடைக்காது. நார், விதை, எண்ணெய் என்று அதற்குத் தனிச் சந்தை வேண்டும், ஆலை வேண்டும், சாலை வேண்டும்.

#19 மலைநடை

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தச் செடியின் மகரந்தம் காற்றில் போகும். குல்லு மாவட்டத்தில் சாலையோரம், கால்வாய்க் கரை, பள்ளிக்கூட மதில் என்று எங்கும் காட்டுச் செடி தானாக முளைத்து நிற்கிறது. போலீஸும் வனத்துறையும் ஒவ்வொரு வருடமும் பிடுங்கி எரிக்கிறார்கள், அடுத்த வருடம் அதே இடத்தில் நிற்கும். நடுவில் ஒருவர் உரிமம் வாங்கிச் சணல் போட்டால், அதில் எடுத்த விதையை அடுத்த வருடம் விதைக்கும்போது 0.3 தாண்டாது என்று யார் உறுதி கொடுப்பது? தாண்டினால் வழக்கு அந்த விவசாயி மேல்தானே? கோர்ட்டுவாசல் அண்ணா, இதற்கு விதியில் ஏதாவது இருக்கிறதா?

#20 கோர்ட்டுவாசல்

உத்தராகண்ட் மாதிரியில் வரம்பைத் தாண்டிய பயிரை அழிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பருவத்துக்கும் சான்று பெற்ற விதையை வெளியிலிருந்து வாங்குவதே பாதுகாப்பு. இமாச்சலில் விதி எழுதும்போது இந்த அழிப்புச் செலவை யார் தலையில் போடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.